பழைய ஆயிலை எங்கே ஊற்றினாய்?



இந்த வாரச் சிந்தனை ஒரு காரின் அடியிலிருந்து தொடங்குகிறது. எண்ணெய் என்றதும் பத்துக் கன்னிகைகளின் உவமையைத்தான் போதகர் எடுத்துக்கொள்வார் என்று நீங்கள் எண்ணக்கூடும். இன்று நான் எழுதுவது தீவட்டிக்கு ஊற்றிய எண்ணெயைக் குறித்தல்ல. காரின் இன்ஜினுக்குள் ஊற்றி, பிறகு வடித்து எடுத்துவிடுகிறோமே, அந்த ஆயிலைக் குறித்து.

சென்ற சனிக்கிழமை காலை, போதகர் இல்லத்து முற்றத்தில் காரின் கீழே படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். நம் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் அந்த வழியே வந்தவர் குனிந்து பார்த்தார். “ஐயா, நீங்களே மாத்துவீங்களா? எனக்கும் சொல்லிக் குடுங்க. போன மாசந்தான் பழைய கார் ஒண்ணு வாங்குனேன். கடையில விட்டா கூலி வேற தனியா கேக்குறாங்க” என்றார். “அடுத்த சனிக்கிழமை வா தம்பி, சேர்ந்தே மாத்துவோம்” என்று சொல்லி அனுப்பினேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பதற்கு முன் நான் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பிக்கு மட்டுமன்று, உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டியது. நான்கு ஆண்டுகளாக அதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

முதலில் வேலையைச் சொல்லுகிறேன். அதை நல்ல வேலை என்றே இன்றும் நம்புகிறேன்.

என் கார் பழையது. நம் கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை உங்களுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு தாழ்ந்த கியரில், அதிகச் சுழற்சியில் இன்ஜின் முக்கிக்கொண்டு ஏற வேண்டும். அப்போது உள்ளே உலோகத்தோடு உலோகம் உராயாமல் காப்பது மயிரிழையினும் மெல்லிய ஓர் ஆயில் படலந்தான். அந்த ஆயில் உராய்வைக் குறைக்கிறது. பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுபோகிறது. எரிபொருள் எரிந்த கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. இன்ஜினின் அழுக்கையெல்லாம் தான் வாங்கிக்கொள்வதனால்தான் அது கறுத்துப்போகிறது. இன்றைய கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்தி வருகிறதோ அப்போது மாற்றச் சொல்லுகிறார்கள். மலையேற்றமும் புழுதியும் குறுகிய தூர ஓட்டமும் அதிகமாயிருந்தால் அதற்கும் முன்னதாகவே மாற்றுவது நல்லது.

மாற்றும் முறை கடினமானதன்று. ஆனால் ஒழுங்கு வேண்டும்.

சமதரையில் காரை நிறுத்துங்கள். கைப்பிரேக்கைப் போட்டு, கியரில் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட்டி நிறுத்தினால் ஆயில் இளகி நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியானால் ஆறவிடுங்கள். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் கீழே தலையைக் கொடுக்காதிருங்கள். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு இல்லையானால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம். இந்த ஒரு காரியத்தில் உங்கள் விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஆயிலை வாங்குமுன் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். 5டபிள்யூ-30 என்பது போல ஓர் எண் இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னுள்ள எண், குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண், 100 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்லுகின்றன. கெட்டியான ஆயில்தான் நல்லது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கையேடு சொல்லுவதே சரி. சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும்.

அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைச் சரியான அளவு ஸ்பேனரால் இளக்கி, அகலமான பேசின் ஒன்றில் பழைய ஆயிலை வடியவிடுங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுத்திருங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதலில் கையால் மரையேற்றி, பிறகே ஸ்பேனர் வையுங்கள்; பலங்கொண்டமட்டும் முறுக்கினால் மரை அழிந்துவிடும். ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். மேலே புனல் வைத்து, சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் இன்ஜினை ஓட்டி, சிவப்பு விளக்கு அணைகிறதா, கீழே எங்கேனும் கசிகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் இரண்டு குறிகளுக்கும் நடுவே மட்டம் நிற்கும்படி சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் கேடு, கூடினாலும் கேடு. சுழலும் தண்டு ஆயிலை நுரையாக அடித்துவிடும். நுரை எதையும் காக்காது.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கூலி மிச்சம். நாம் ஊற்றியது நல்ல ஆயில்தான் என்று நமக்குத் தெரியும். வண்டியின் கீழே எங்கே துரு, எந்த ரப்பர் கிழிந்திருக்கிறது என்பதையும் கண்ணால் கண்டுகொள்ளுகிறோம். தன் கையில் ஒப்புவிக்கப்பட்ட பொருளைத் தானே பேணுகிறவனுக்கு அதன்மேல் ஒரு கவனம் உண்டாகும். உக்கிராணத்துவம் என்று நாம் சபையில் சொல்லுவதின் சிறிய வடிவம் இது.

ஆனால் இந்த வேலையைக் கற்றுத்தருகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் இங்கேதான் நிறுத்தினேன். பேசினில் மூன்றரை லிட்டர் கறுப்பு ஆயில் நிற்கிறதே, அது எங்கே போகிறது?

என்னுடையது எங்கே போயிற்று என்று சொல்லுகிறேன்.

போதகர் இல்லத்தின் பின்புறம், மதிலோரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அங்கே ஊற்றினால் கரையான் வராது, வேலிக்கால் உளுக்காது என்று எனக்கு நானே காரணமும் வைத்திருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, மண் குடித்துவிடும் என்ற நினைப்பில் ஊற்றிவந்தேன். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கிணறு இருக்கிறது. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். குடிக்கக் குழாய்த் தண்ணீர் பிடிப்பார். ஆடுகளுக்கும் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் அந்தக் கிணறுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை அடைத்துப் பெய்த ஒரு வாரத்தில், அவர் மதிலோரம் நின்று என்னை அழைத்தார். “ஐயா, கெணத்துத் தண்ணியில மேலாக்க ஏதோ பளபளன்னு நிக்குது. ஆடு மோந்து பாத்துட்டு வாய வெக்க மாட்டேங்குது. உங்க பக்கம் குழாய்ல எப்படி வருது?”

பள்ளம் என் கண்முன் வந்தது. ஆனால் என் வாய் சொன்னது வேறு. “மழைத் தண்ணி கலங்கியிருக்கும்மா. ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்.”

அன்று மாலை அவர் வெளியே போயிருந்த நேரத்தில் கிணற்றுப் படிகளில் இறங்கிப் பார்த்தேன். தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களும் இப்படி ஒரு படலத்தை உண்டாக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. குச்சியால் கீறினால் நுண்ணுயிர்ப் படலம் ஓடு போலத் துண்டு துண்டாக உடைந்து, உடைந்தபடியே நிற்கும். எண்ணெய்ப் படலம் விலகிப்போய், மீண்டும் சுழன்று ஒன்றாய்க் கூடும். நான் கீறினேன். கூடிற்று. மறுபடியும் கீறினேன். மறுபடியும் கூடிற்று.

அதற்குப் பிறகும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று ஞாயிறும் பிரசங்க பீடத்தில் நின்றேன். அவற்றில் ஒன்று திருவிருந்து ஞாயிறு. பாவ அறிக்கை ஜெபத்தை உங்களுக்கு முன்னே நின்று நடத்தினேன். இதைத்தான் நான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மூன்றரை லிட்டர்தானே என்று நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைப் பிறகே அறிந்தேன். ஒருமுறை மாற்றிய இன்ஜின் ஆயில், அதாவது ஏறத்தாழ ஒரு காலன், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. படலமாகப் பரந்து, காற்று தண்ணீருக்குள் போவதைத் தடுக்கும். மண்ணும் அதைக் குடித்துத் தீர்த்துவிடுவதில்லை. பிடித்து வைத்துக்கொண்டு, மழைக்கு மழை கொஞ்சங்கொஞ்சமாய் விட்டுக்கொடுக்கும். புது ஆயிலைவிடப் பழையது கொடியது. கரியோடு சேர்ந்து புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பொருள்களும், தேய்ந்த உலோகங்களும் அதில் சேர்ந்திருக்கும். நம் ஊரில் சிலர் மாட்டுப் புண்ணுக்கும் ஆட்டுச் சொறிக்கும் அதைத் தடவுகிறார்கள். கொசுவுக்காகத் தேங்கிய நீரில் ஊற்றுகிறவர்களும் உண்டு. கொசுப்புழுவோடு, அப்புழுவைத் தின்னும் மீனும் அதில் செத்துப்போகும். தயவுசெய்து இவற்றை விட்டுவிடுங்கள். ஆயிலைத் தொடும்போது கையுறை போடுங்கள். இல்லையானால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாம் இருக்கும் இடத்தையும் எண்ணிப்பாருங்கள். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாக இறங்கி, நம் ஊரருகே அணையில் நிற்கிறது. அணையின் உயரம் 46 அடி. அதை நம்பிக் கீழே 10,000 ஏக்கருக்கும் மேலான நிலம் விளைகிறது. அந்த நீர் கால்வாயாகவும் ஏரிகளாகவும் கிணற்று ஊற்றாகவும் பரவி, மிஞ்சியது வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போகிறது. நமக்குக் கீழே எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. நாமோ தலைமடையில் இருக்கிறோம். தலைமடைக்காரன் செய்வதைக் கடைமடைக்காரன் குடிக்கிறான் என்பது விவசாயிகளாகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

கார் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் சபையில் கார்கள் சிலவே. இருசக்கர வண்டி இல்லாத வீடு அரிது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில் மாறுகிறது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்களில் ஒவ்வொன்றும் ஒரு காரைவிட இரண்டு மூன்று மடங்கு ஆயிலைக் கொள்ளும். டீசல் இன்ஜின்களும் இருக்கின்றன. பெரும்பாலும் இவற்றை நீங்கள் வயலோரத்திலும் களத்திலும் வாய்க்கால் கரையிலுமே மாற்றுகிறீர்கள்.

இதைச் சொன்னவுடன் உங்களுக்குள் எழும் மறுமொழி எனக்குத் தெரியும். அது எனக்குள்ளும் எழுந்ததுதான். “பெரிய ஆலைகள் விடுகிற கழிவுக்கு முன்னே என் மூன்று லிட்டர் எம்மாத்திரம்?” 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் கண்டோம். மீனவரின் படகும் வலையும் கறுத்துக் கிடந்தன; பறவைகளின் சிறகுகளில் எண்ணெய் அப்பியிருந்தது. அந்த மீனவர்களுக்காக நாம் ஜெபித்தோம், கோபமும் கொண்டோம். அந்தக் கோபம் நியாயமானது. பெரியவர்களைக் கேட்பதற்கு ஆணையமும் நீதிமன்றமும் உண்டு. அவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் என் பின்புறத்துப் பள்ளத்தைக் கேட்பதற்கு யார் இருந்தார்கள்? ஓர் ஆடும் ஒரு பெரியம்மாவுந்தான். எண்ணூருக்காகக் கோபப்பட்ட நான், என் மதிலோரத்தில் எண்ணூரைச் சிறிய அளவில் செய்துவைத்திருந்தேன். அளவு வேறு, செயல் ஒன்றே.

“கடையில் விட்டாலும் அவர்களும் எங்கேயோதானே கொட்டுவார்கள்?” என்பது இரண்டாவது மறுமொழி. சில இடங்களில் அது உண்மையாயிருக்கலாம். ஆனால் பல கடைகளில் பழைய ஆயிலை பீப்பாயில் சேர்த்து விற்கிறார்கள். ஏனெனில் அதற்கு விலை உண்டு. ஆயில் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. அதிலிருந்து நீரையும் கரியையும் கழித்து, காய்ச்சி வடித்து, மறுபடியும் இன்ஜினில் ஊற்றத்தக்க அடிப்படை எண்ணெயாக ஆக்க முடியும். ஒரு காலன் பழைய ஆயிலிலிருந்து கிடைக்கும் அளவு எண்ணெயைப் புதிதாக எடுக்க 42 காலன் கச்சா எண்ணெய் வேண்டியிருக்கிறது என்று அதே அமெரிக்க முகமை கணக்குச் சொல்லுகிறது. நான் பள்ளத்தில் ஊற்றியது, மறுபடியும் சுத்தமாகக்கூடிய ஒரு பொருள்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாயிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவாகும். அங்கீகாரம் பெற்றவர்களே அதை மறுசுழற்சி செய்யலாம். 2023 செப்டம்பரில் அந்த விதிகள் திருத்தப்பட்டு, ஆயில் தயாரிக்கிறவர்களும் இறக்குமதி செய்கிறவர்களும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியில் 1987-ஆம் ஆண்டு முதலே, இன்ஜின் ஆயில் விற்கிற கடைக்காரர், வாங்கிய அளவுக்குப் பழைய ஆயிலை இலவசமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடமை இருக்கிறது. நம் ஊரில் ஆயில் விற்கும் கடையில் அப்படிக் கேட்டால் இன்றைக்குச் சிரிப்பார்கள். ஆனாலும் கேளுங்கள் என்பேன். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் கேட்கும்போது சிரிக்கமாட்டார்கள்.

சட்டத்தைக் காட்டிலும் பழைய ஒரு சட்டத்தை நான் நன்றாய் அறிந்திருந்தேன். செமினாரியில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினேன். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒருவன் ஒரு குழியைத் தோண்டி மூடாமல் விட்டு, அதில் அயலானின் மாடோ கழுதையோ விழுந்தால், குழிக்கு உடையவன் ஈடு கொடுக்க வேண்டும். “நான் மாட்டைத் தள்ளவில்லையே” என்று அவன் சொல்ல முடியாது. மூடாமல் விட்டதே குற்றம். எசேக்கியேல் 34-ஆம் அதிகாரம் இன்னும் நெருங்கி வருகிறது. தெளிந்த நீரைத் தாங்கள் குடித்துவிட்டு, மிஞ்சியதைக் காலால் கலக்கி, மற்ற ஆடுகள் அந்தக் கலங்கலைக் குடிக்கும்படி விட்ட கொழுத்த ஆடுகளைத் தேவன் அங்கே விசாரிக்கிறார். அதே அதிகாரம் மேய்ப்பர்களைக் கண்டித்துத் தொடங்குகிறது என்பதை நான் மறக்க முடியவில்லை. இந்தப் பகுதியை வைத்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கிணற்றுப் படியில் கையில் குச்சியோடு நின்ற மாலையில்தான், அங்கே பேசப்படுகிற ஆள் நான் என்று கண்டேன்.

நான்காவது வாரம் பெரியம்மாவின் வாசலுக்குப் போனேன். சொன்னேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். “தெரிஞ்சேவா சொல்லாம இருந்தீங்க ஐயா?” என்றார். தெரிந்தேதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. “சரி, ஆகவேண்டியதப் பாருங்க” என்றார்.

பழைய பருத்தி வேட்டிகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே மிதந்த படலத்தை ஒற்றி ஒற்றி எடுத்தோம். பிறகு மோட்டார் வைத்து இரண்டு நாள் இறைத்தோம். கிணறு தெளியும்வரை ஆடுகளுக்கு என் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தேன். மதிலோரத்துப் பள்ளத்தில் கறுத்த மண்ணை வெள்ளை மண் தெரியும்வரை தோண்டினேன். நான்கு சாக்கு நிறைந்தது. அதன்பின் கிணற்றின்மேல் படலம் வரவில்லை. ஆடுகள் குடிக்கின்றன. ஆனால் அந்த நான்கு சாக்கு மண்? அதை எங்கே கொட்டுவது? எந்த இடத்தை நினைத்தாலும் அந்த இடத்துக்கு அருகில் யாருடைய கிணறோ வாய்க்காலோ இருந்தது. நான்கு ஆண்டுகளாக அவை என் வீட்டுப் பின்தாழ்வாரத்தில், தார்ப்பாய் சுற்றி, மழை படாமல் இருக்கின்றன. எறிந்துவிடலாம் என்று நாம் சொல்லும் இடம் ஒன்று உண்மையில் இல்லை என்பதை அந்தச் சாக்குகள் எனக்குத் தினமும் கற்பிக்கின்றன.

ஆகையால் என் கருத்தை ஒளிவின்றிச் சொல்லுகிறேன். வீட்டில் ஆயில் மாற்றுகிற வேலை, புது ஆயிலை ஊற்றி இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதோடு முடிவதில்லை. பழைய ஆயிலை உரிய கையில் ஒப்படைத்துத் திரும்பும்போதுதான் முடிகிறது. அந்தக் கடைசிப் பங்கைச் செய்ய உங்களுக்கு வழியில்லையானால், முதல் பங்கையும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூலி கொடுத்து, பழைய ஆயிலைச் சேர்த்துவைத்து ஒப்படைக்கிற சர்வீஸ் சென்டரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். அயலானின் கிணற்றைச் செலவழித்து மிச்சம்பிடித்த கூலி மிச்சமாகாது.

வழி உண்டு என்றால், இப்படிச் செய்யுங்கள். பேசினுக்குக் கீழே பழைய சாக்கையோ அட்டையையோ விரித்துவையுங்கள். புது ஆயில் வந்த அதே கேனில் பழையதைப் புனல் வைத்து ஊற்றி, இறுக மூடி, மேலே “பழைய ஆயில்” என்று எழுதுங்கள். தண்ணீர்ப் பாட்டிலிலோ சமையல் எண்ணெய்க் கேனிலோ ஊற்றாதிருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், பிரேக் ஆயில், தண்ணீர் எதையும் அதில் கலக்காதிருங்கள். கலந்தால் மறுசுழற்சிக்கு உதவாது. கழற்றிய ஃபில்டருக்குள்ளும் ஆயில் நிற்கும். அதை ஓர் இரவு முழுவதும் பேசினில் கவிழ்த்து வடியவிடுங்கள். பிறகு கள்ளக்குறிச்சிக்குப் போகிற நாளில் அந்தக் கேனை எடுத்துக்கொண்டு, பீப்பாய் வைத்திருக்கும் பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை யார் வந்து எடுத்துப் போறாங்க?” பதில் சொல்லத் தெரிந்த கடையில் கொடுங்கள். தெரியாத கடையானால் வேறு கடையைத் தேடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முதல் கடையில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

டிராக்டர் வைத்திருக்கிற சகோதரரே, உங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அறுவடை தொடங்குமுன் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆயில் மாற்றுகிறீர்கள். நான்கு பேர் சேர்ந்து பேசி, கேன்களை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் யாருக்கும் பாரமில்லை. வாய்க்கால் கரையில் மாற்றுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை அந்தத் தம்பி வருவார். ஜாக்கியும் ஸ்டாண்டும் ஸ்பேனரும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் அவரைப் பின்தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்த் தார்ப்பாயை விலக்கிக் காட்டப் போகிறேன். அதற்குப் பிறகும் அவருக்குக் கற்றுக்கொள்ள விருப்பமிருந்தால் காரின் கீழே சேர்ந்து படுப்போம். வேலை முடிந்து, கேனை எடுத்துக்கொண்டு இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போவோம். அன்று உங்களில் யாருடைய வீட்டிலாவது பழைய ஆயில் கேனில் இருந்தால், எட்டு மணிக்குள் கொண்டுவந்து தாருங்கள். பிற்பாடு ஊற்றலாம் என்று பின்புறத்தில் வைத்திருப்பவர்களும் கொண்டுவாருங்கள். எங்கே ஊற்ற இருந்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

ஜெபிப்போம்.

பரலோகப் பிதாவே, நீர் கல்வராயன் மலையின்மேல் பெய்யப்பண்ணும் மழைக்காக உம்மைத் துதிக்கிறோம். நாங்கள் குடித்து, எங்களுக்குக் கீழே இருக்கிறவர்களுக்குக் கலக்கிவிட்ட நீருக்காக மன்னிப்புக் கேட்கிறோம். நாங்கள் தொடங்கும் வேலையைக் கடைசிவரை சுமக்கும் கைகளையும், தவறியபோது மறைக்காமல் அயலாரின் வாசலுக்குப் போகும் கால்களையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

உங்கள் ஊழியன்,
உங்கள் போதகர்